திருஷ்டி பொம்மை பார்த்த முப்பரிமாணம்

சிங்கப்பூரிலிருந்து குற்றாலத்துக்கு டிவி பார்க்க வந்த ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. சாரல் சீசனில் ஊர் உலகமெல்லாம் அருவியில் தலையைக் கொடுக்க வருகிறது. நான் வந்தது, என் அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு டிவிக்கு முன்னால் நிற்க வைப்பதற்காக. சரியாகச் சொன்னால், நிற்க விடாமல் தடுப்பதற்காக.

வரச் சொன்னவள் அக்கா. எங்களுக்குச் சொந்த ஊர் வேலூர். அவள் இலஞ்சிக்குக் கல்யாணமாகி வந்து மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டாள், பேச்சும் முழுதாக இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. "ஏலே, நீதான் வந்து சொல்லணும். என்னால ஆகாது. அந்த மனுசன் சின்னப் பிள்ளையாட்டம் காத்துக்கிட்டு இருக்காரு" என்றாள் போனில்.

சொல்ல வேண்டியது இதுதான். அத்தான் சங்கரபாண்டிக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து வயலையும் தென்னந்தோப்பையும் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு வருடம் முன்பு கண்ணுக்குள் கொசு பறக்கிறது என்றார். கொசுதானே என்று அறுப்பு முடியும்வரை இருந்துவிட்டு டாக்டரிடம் போனார். விழித்திரை பிரிந்துவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும்.

அதன் பிறகு மகள் ஒருமுறை அவரை த்ரீ டி படத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தும் எல்லாம் தட்டையாகவே தெரிந்ததாம். குற்றம் அந்தக் கண்ணாடியில்தான் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார். இந்த ஆடியில் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. குற்றாலத்தில் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி, கண்ணாடியே போடாமல் முப்பரிமாணத்தில் பார்க்கும் டிவி, தென்மாவட்டத்திலேயே முதல் முறையாக. கண்ணாடி ஒழிந்தது, இனி தெரியும் என்று கிளம்பிவிட்டார் மனுசன்.

கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விஷயம் ஒன்றுதான். இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு படங்களைக் கொடுத்தால் மூளை அவற்றைச் சேர்த்து ஆழம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எதைச் சேர்ப்பது? நான் சிங்கப்பூரில் ஆபரேஷன் தியேட்டர்களுக்கு இந்த மாதிரித் திரைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். டாக்டர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே உள்ளே தையல் போடுவார்கள். அதனால் இந்தத் துக்கச் செய்தியைச் சொல்லும் தகுதி குடும்பத்தில் எனக்குத்தான் என்று அக்கா தீர்மானித்துவிட்டாள்.

தென்காசியில் இறங்கும்போதே சாரல். இந்த மழையோடு எனக்கு ஒத்துப் போகவில்லை. சிங்கப்பூர் மழை கடமையுணர்ச்சி உள்ளது, வரும், கொட்டும், போய்விடும். வேலூரில் மழை என்பது தொலைபேசியில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் செய்தி. இங்கே அது பெய்கிறதா இல்லையா என்றே புரியவில்லை. குடை பிடித்தால் சிரிக்கிறார்கள், பிடிக்காவிட்டால் சட்டை நனைகிறது.

வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் தயாராக இருந்தன. நல்லெண்ணெயை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். இதைச் சாப்பிட்ட பிறகு யாரிடமும் கெட்ட செய்தி சொல்ல மனம் வராது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தானே டீ ஊற்றினார். பாத்திரத்தை டம்ளருக்கு மேலே பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார், பிறகு ஊற்றினார். வாசல்படி இறங்கும்போதும் அதேபோல் ஓர் ஆட்டல். அது வயசுக் கோளாறு என்று எனக்குப் பட்டது.

"ஏன் இப்படித் தலைய ஆட்டுதிய? பாக்கவங்க என்ன நெனைப்பாங்க?" என்று அக்கா அதட்டினாள். என் பக்கம் திரும்பி, "கண்ணு போனதுலேருந்து இந்தப் பழக்கம் வேற. கல்யாண வீட்டுல பந்தில உக்காந்து, எலையப் பாத்து ஆட்டுதாருலே. எனக்கு மானம் போவுது" என்றாள்.

அத்தான் தலையை நிறுத்தி ஊற்றினார். அடுத்த டம்ளரில் பாதி டீ மேஜைக்குப் போனது.

அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் என்னைச் செங்கோட்டைக்கு அப்பால் புரோட்டா சாப்பிட அழைத்துப் போனார். இந்த வட்டாரத்தில் விருந்தாளியை புரோட்டா தின்ன வைக்காமல் அனுப்புவது குற்றம். கடையில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். பக்கத்து மேஜையில் ஒருவர் மலையாளத்தில் போனில் யாரையோ சமாதானம் செய்துகொண்டிருந்தார். "அருவிலதான் நிக்கேன், சத்தம் கேக்குதுல்ல" என்பதுதான் அதன் சாரம். கேட்டதெல்லாம் தோசைக்கல்லில் கரண்டி தட்டும் சத்தம்.

புரோட்டா உள்ளங்கை அளவு, பொரித்த நாட்டுக்கோழி, மேலே ஊற்ற மிளகு சேர்வைக் குழம்பு. நான் இரண்டாவது புரோட்டாவைப் பிய்த்தபடி ஆரம்பித்தேன். "அத்தான், அந்த டிவி விஷயம்..."

"ஆமா மாப்ள, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "டிவி வாங்கப் போறேன்னு உங்க அக்கா நெனைக்கா. அது எனக்கு எதுக்கு? ஒரு தடவ பாக்கணும், அம்புட்டுதான். அருவிக்குப் போனா எறங்குத படியெல்லாம் ஒரே பாறையா தெரியுது. காலு எங்கன வைக்கன்னு தெரியல. ரெண்டு வருசமா கரையில நின்னு எல்லார் துணிக்கும் காவல் இருக்கேன். அது போட்டும். ஆழம்னா என்னன்னே மண்டைக்கு மறந்து போச்சோன்னு பயமா இருக்கு மாப்ள. ஒரே ஒரு தடவ தெரிஞ்சிட்டுன்னா, மறக்கலன்னு சமாதானமா இருந்துருவேன்."

நான் மூன்றாவது புரோட்டா சொன்னேன்.

மறுநாள் அக்கா வாசலிலேயே நின்று கண்ணால் ஜாடை காட்டினாள், போகிற வழியிலாவது சொல்லு என்று. ஆட்டோவில் ஏறினோம். மெயின் அருவிக்குக் கொஞ்சம் முன்னால் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் சுற்றுலா வேன்கள், பின்னால் சுற்றுலா வேன்கள், எல்லாவற்றின் ஜன்னலிலும் ஈரத்துண்டு. இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்தேன். ஆட்டோக்காரர் திரும்பினார்.

"அண்ணாச்சி, இது இப்ப நகராது. ஒரே ஒரு முழுக்கு போட்டுட்டு ஓடி வந்திருதேன்" என்று சொல்லி, சீட்டுக்கு அடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் போக்குவரத்து நகர்ந்தது. பின்னால் இருந்த அத்தனை வேன்களும் ஹாரன் அடித்தன. நானும் அத்தானும் இறங்கி ஆட்டோவைத் தள்ளினோம். அது யானை மாதிரி நின்றது. பக்கத்து நேந்திரங்காய் வறுவல் கடைக்காரர், எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு வந்து கைகொடுத்தும் பயனில்லை. தலையிலிருந்து நீர் சொட்ட வந்த ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்து வருத்தப்பட்டார். "ஏன் தள்ளுதிய? ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டுல்லா போனேன்."

சிங்கப்பூரில் டாக்சி டிரைவர் பயணியை நடுரோட்டில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால் அது செய்தி. இங்கே அத்தான், "தண்ணி எப்படி விழுது?" என்று மட்டும் கேட்டார். "செமையா விழுது" என்றார் ஆட்டோக்காரர். மண்டபம் வரும்வரை இருவரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள்.

ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபங்கள் சும்மா கிடக்கும். சீசன் கூட்டமும் அதே மாதத்தில் வருவதால் இந்த மாதிரிக் கண்காட்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பந்தி போடும் கூடத்தில் கிரைண்டர், இன்வெர்ட்டர், சிசிடிவி கேமரா. குளித்துவிட்டு வந்த குடும்பங்கள் ஈரத் தலையோடு அவற்றின் நடுவே உலாத்தின. மின்சார சாமான் கடைகளில் இத்தனை சீயக்காய் வாசனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டிவி இருந்த இடம் மணமேடை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில், ஜிகினாத் துணிக்கு முன்னால் அது தனியாக வீற்றிருந்தது. பக்கத்தில் கம்பெனியிலிருந்து வந்த பெண், பெயர் நிவேதா, கோயம்புத்தூர்க்காரி. அழும் நிலையில் இருந்தாள். இந்த ஊர் வியாபாரி செல்லையா அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டியபடி மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

காரணம் புரிய நேரமாகவில்லை. திரைக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. நானும் நின்று பார்த்தேன். ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது, அதன் மேலேயே இன்னொரு மீன் ஒட்டிக்கொண்டு நீந்தியது. "ரேஷன் கார்டு போட்டோ மாதிரில்ல இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"நேத்து ராத்திரி செக் பண்ணப்ப நல்லா இருந்தது சார். தலையை ஆட்டாம நில்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள் நிவேதா.

நான் என் தொழிலைச் சொன்னதும் கேமரா காட்சியைத் திறந்து காட்டினாள். இந்தத் திரையின் மேல் விளிம்பில் குட்டிக் கேமராக்கள் உண்டு. எதிரே நிற்பவரின் முகத்தைக் கண்டுபிடித்து, இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று குறிபார்த்து அனுப்பும். ஆள் நகர்ந்தால் படமும் கூடவே மாறும், சட்டென்று அசைந்தால் மட்டும் கொஞ்சம் பின்தங்கும். ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான். பிடித்த முகம் விலகும்வரை அடுத்த முகத்துக்குத் தாவாது. பிடித்த முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் தெரியும்.

பச்சைக் கட்டம் எங்கள் யார் முகத்திலும் இல்லை. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, சீரியல் லைட் கட்டிய கயிற்றில் தொங்கிய திருஷ்டி பொம்மையின் மேல் இருந்தது. முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு, உருட்டி விழிக்கும் இரண்டு கண்கள். புது டிவிக்கு ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதென்று செல்லையா அண்ணாச்சி காலையில் அதன் எதிரிலேயே கட்டிவிட்டிருக்கிறார். வந்தவர்கள் எல்லாம் அசைகிறார்கள், திரும்பிப் பேசுகிறார்கள், பிள்ளையைத் தூக்குகிறார்கள். அசையாமல் நேருக்கு நேர் பார்க்கிற முகம் மண்டபத்தில் அது ஒன்றுதான். காலையிலிருந்து அந்த விலையுயர்ந்த டிவி தன் முப்பரிமாணம் முழுவதையும் அந்தப் பொம்மைக்கே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"கழட்டிருங்க அண்ணாச்சி" என்றாள் நிவேதா.

"அது எப்படிம்மா? கெட்டுன பொம்மைய ஆடி மாசத்துல கழட்டச் சொல்லுதிய? இன்னைக்கு என்ன கூட்டம் பாத்தியளா? அம்புட்டுக் கண்ணும் இந்தப் பெட்டி மேலதான்."

"துணி போட்டு மூடலாமே."

"மூடுனா அது எப்படிப் பாக்கும்? பாக்கத்தானே கெட்டியிருக்கு."

நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். "முழுக்க மூட வேண்டாம் அண்ணாச்சி. இதுக்கு ரெண்டு கண்ணும் தெரிஞ்சாத்தான் முகம்னு கணக்கு. ரெண்டு கண்ணு இல்லாட்டி இந்த டிவியால ஒண்ணுமே பண்ண முடியாது."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பது யார் என்று நினைவு வந்தது.

அத்தான் திரையைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பம் ஒத்தக் கண்ணு ஆளுக்கு இது ஒண்ணும் காட்டாது. அப்படித்தான மாப்ள?"

நான் தலையசைத்தேன். சிங்கப்பூரிலிருந்து நான் சுமந்து வந்த செய்தி ஒருவழியாகச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. இதைவிட மோசமாகச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

அத்தான் இன்வெர்ட்டர் கடையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி வந்தார். ஸ்டூலில் ஏறினார். டேப்பை நீட்டியபடி தலையை இடமும் வலமும் ஆட்டி, பிறகு பொம்மையின் இடது கண்ணில் சரியாக ஒட்டினார். "இன்னொரு கண்ணு இருக்குல்லா, அது போதும் திருஷ்டி பாக்க" என்றார் செல்லையா அண்ணாச்சியிடம். அவரும் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

பச்சைக் கட்டம் பொம்மையை விட்டு இறங்கி, முன்னால் நின்ற ஓர் அம்மாள் முகத்தில் வந்து உட்கார்ந்தது. "யம்மோ!" என்று அவர் கையை நீட்டி மீனைப் பிடிக்கப் போனார். அதற்குப் பிறகு வரிசை மண்டப வாசல்வரை நீண்டது. மீன், துடிக்கும் இதயம், உருளும் பவளம். ஒவ்வொருவரையும் அட்டென்ஷனில் நிற்க வைத்து, "தலையை ஆட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லி நிவேதாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அத்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருவிக்கரையில் துணிக்குக் காவல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மனசு கஷ்டமாக இருந்தது. போகலாம் என்று அவரை அழைத்தேன்.

"சார், நீங்க மட்டும் பாக்கவே இல்லையே. உங்களாலதான் இன்னைக்கு இது ஓடுது" என்று நிவேதா அவரை விடவில்லை. மறுக்க முடியாமல் போய் நின்றார். பச்சைக் கட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. கேமராவுக்கு அவருடைய இரண்டு கண்ணும் நல்ல கண்தான்.

திரையில் ஒரு பழைய கல்மண்டபம், வரிசையாகத் தூண்கள். உண்மையான மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் அப்படியே கட்டியிருந்தார்கள். அத்தான் பட்டாள விறைப்பில் நின்றார். "நல்லா இருக்கும்மா" என்றார் மரியாதைக்கு. ஒன்றும் தெரியவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

கிளம்பப் போனவர் எதையோ உற்றுப் பார்த்தார். பழக்க தோஷத்தில் தலை இடமும் வலமும் ஆடியது.

ஆடிய தலை நின்றது. மறுபடி ஆடினார், இந்தத் தடவை மெதுவாக. முட்டியை மடக்கித் தணிந்தார், எம்பினார், இடது பக்கம் நன்றாகச் சாய்ந்தார்.

"எம்மா, மூணாவது தூணுக்குப் பின்னால ஒரு ஆடு படுத்துக் கெடக்கே."

"ஆடா? இல்லையே சார். இது வெறும் மண்டபம். நான் எத்தனை ஊர்ல காட்டியிருக்கேன்."

"படுத்து அசை போட்டமானிக்கி இருக்கு. வெள்ளாடு. இந்தா, இப்படிச் சாஞ்சு பாரு."

அவரை நகர்த்திவிட்டு நிவேதா நின்றாள். நேராக நின்றால் தூண் மறைத்தது. சாய்ந்தாள். "ஐயோ, ஆமா சார்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். படமெடுத்தவர்கள் மண்டபத்தை ஆட்டோடு சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லா ஊரிலும் எல்லாரையும் தலையை ஆட்டாமல் நிற்க வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலை நகரும்போது கிட்ட இருக்கும் தூண் வேகமாக விலகும், தூரத்துத் தூண் மெதுவாக விலகும். அந்த வித்தியாசத்திலேயே ஆழம் இருக்கிறது, அதற்கு ஒரு கண் போதும். இந்தத் திரை தலையோடு சேர்ந்து படத்தையும் மாற்றுவதால் அது அப்படியே கிடைத்துவிட்டது. என் வேலையில் இது என் கண்ணில் படவே இல்லை. எங்கள் திரைகள் யார் தலையையும் பின்தொடர்வதில்லை, ஆபரேஷன் தியேட்டரில் தலையை ஆட்டும் டாக்டரை யாரும் விரும்புவதும் இல்லை. இரண்டு வருடமாக டீ ஊற்றும்போதும் படி இறங்கும்போதும் அத்தானின் மண்டை தனக்குத் தானே இந்த வழியைக் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள்தான் அதை வயசுக் கோளாறு என்றும் மானக்கேடு என்றும் சொல்லி நிறுத்தப் பார்த்தோம்.

அத்தான் மறுபடி திரை முன் போய் நின்றார். ரொம்ப நேரம் ஆடிக்கொண்டே இருந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை, அவர்களும் ஆட்டைப் பார்க்கும் ஆவலில் நின்ற இடத்திலேயே சாய்ந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மண்ட மறக்கல மாப்ள" என்றார். வலது கண்ணிலும் இடது கண்ணிலும் தண்ணீர் நின்றது.

வீட்டுக்கு ரம்புட்டான் வாங்கிக்கொண்டு போனோம். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "சொல்லிட்டியா?" என்றாள்.

"அவரே தெரிஞ்சுக்கிட்டாரு. இனிமே அவர் தலையை ஆட்டினா ஒண்ணும் சொல்லாதக்கா" என்றேன். விவரம் சொன்னேன். அவள் ரம்புட்டானை உரித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

கடைசி நாள் காலை மூன்று பேரும் பழைய குற்றாலம் போனோம். சாரல் விட்டிருந்தது, தண்ணீர் அளவாக விழுந்தது. ஆண்கள் பக்கம் படிகள் பாசி பிடித்து, எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தன. இரண்டு கண் உள்ள எனக்கே கால் கூசியது.

அத்தான் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முதல் படியின் விளிம்பில் நின்று தலையை ஆட்டினார், ஊரே பார்க்க, பெரிதாக. கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். மேலே கைப்பிடிக் கம்பி ஓரம் நின்ற அக்கா வாயைத் திறந்தாள். இரண்டு வருடப் பழக்கம்.

"நல்லா ஆட்டுங்க!" என்று கத்தினாள். "இன்னும் நல்லா ஆட்டிப் பாத்து எறங்குங்க!"

அவர் கால் படியின் நடுவில் சரியாக இறங்கியது. அடுத்த படி, அதற்கடுத்த படி. பிறகு தண்ணீருக்குள் போய்விட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன்.